சிமிழுக்குள் இருப்பது பெயிலா, முகத்திரையா?

எம்.சி.சி. அருங்காட்சியகப் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

சென்னையில் எம்.சி.சி. என்றால் பாதிப் பேருக்குத் தாம்பரம் கல்லூரி, மீதிப் பேருக்குச் சேப்பாக்கம் கிளப். அதனால் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: இந்த மடல் லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் இருக்கும் மேரிலபோன் கிரிக்கெட் கிளப்புக்கு. விஷயம், நீங்கள் கண்ணாடிப் பேழையில் வைத்திருக்கும், இங்கிலாந்து-ஆஸ்திரேலியா டெஸ்ட் தொடரின் அடையாளமான ஆஷஸ் (சாம்பல்) சிமிழ்.

சுட்ட மண்ணில் செய்தது; சுமார் 11 செ.மீ. உயரம். எங்கள் வீட்டுக் காபி டம்ளரைவிடப் பெரிதில்லை. எங்கள் பக்கம் அஸ்தியைக் கலயத்தில் வாங்கினால் கடலிலோ ஆற்றிலோ கரைத்துவிட்டுத்தான் வீடு திரும்புவோம். நீங்கள் பூட்டி வைத்துக் காக்கிறீர்கள். சரி, எதன் சாம்பல் என்றாவது தெரிய வேண்டாமா? ஸ்டம்பின் மேல் வைக்கும் சிறு கட்டையான பெயிலா, ஒரு பெண்ணின் முகத்திரையா?

1882 ஆகஸ்டில் லண்டன் ஓவலில் இங்கிலாந்து ஆஸ்திரேலியாவிடம் 7 ரன்னில் தோற்றதும், 'ஆங்கிலக் கிரிக்கெட் செத்தது, சாம்பல் ஆஸ்திரேலியாவுக்குப் போகும்' என்று 'ஸ்போர்ட்டிங் டைம்ஸ்' பத்திரிகை கேலியாக இரங்கல் குறிப்பு போட்டதும் ஊரறிந்த கதை. 'சாம்பலை' மீட்க ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்ட இங்கிலாந்து அணித் தலைவர் ஐவோ பிளையின் கப்பல் கொழும்பைத் தாண்டியதும் இன்னொரு கப்பலோடு மோதி, பந்துவீச்சாளர் மார்லிக்கு விலாவில் அடி. சகுனமே சரியில்லை.

எனக்கு இடிப்பது தேதிக் கணக்கு. ஆஸ்திரேலியாவின் சன்பரியில் கிளார்க் குடும்பத்தின் ரூபர்ட்ஸ்வுட் மாளிகையில், 1882 கிறிஸ்துமஸ் சமயத்தில், பொழுதுபோக்காக ஓர் ஆட்டம் நடந்தது. அது முடிந்ததும் சீமாட்டி கிளார்க் பெயிலை எரித்துச் சிமிழில் போட்டுக் கொடுத்தார் என்கிறார்கள். ஆனால் சாம்பலை மீட்க வேண்டிய தொடரின் முதல் டெஸ்ட் தொடங்கியதே டிசம்பர் 30-இல். அதிலும் இங்கிலாந்து தோற்றது. சிமிழில் ஒட்டியிருக்கும் பாட்டோ 1883 பிப்ரவரி 1-ஆம் தேதி 'மெல்போர்ன் பஞ்ச்' இதழில் வந்தது. ஆக, பாட்டு பின்னால் ஏறியது. பாட்டு பின்னால் ஏறியிருந்தால் சாம்பலும் ஏன் பின்னால் ஏறியிருக்கக் கூடாது?

1998-இல் பிளையின் மருமகள், 82 வயதில், உள்ளே இருப்பது தன் மாமியாரின் முகத்திரைச் சாம்பல் என்றார். அந்த மாமியார் வேறு யாருமில்லை, ரூபர்ட்ஸ்வுட்டில் இசை சொல்லிக்கொடுத்த புளோரன்ஸ் மார்ஃபி. 1884-இல் பிளையைக் கைப்பிடித்தவர். 1927-இல் கணவர் இறந்தபின் சிமிழை உங்களிடம் ஒப்படைத்தவரும் அவர்தான். அதுவரை அது அவர்கள் வீட்டுப் பொருள். வீட்டுப் பொருளின் கதை மருமகளுக்குத் தெரியாமல் ஊருக்கா தெரியும்? கிழவி பேச்சு என்று பலர் சிரித்ததாகப் படிக்கும்போது எரிச்சலாக இருக்கிறது. பெயில் கதையும் செவிவழி வந்ததுதானே! அதை மட்டும் ஏன் வரலாறு என்கிறோம்?

என் கட்சி முகத்திரைப் பக்கம். தோற்றாலும் பாதகமில்லை.

சிமிழைத் திறக்கச் சொல்லவில்லை. எக்ஸ்ரேயில் விரிசல் தெரிந்த பாண்டம் அது. 2006-இல் ஆஸ்திரேலியாவுக்குப் போய் உடையாமல் திரும்பியதே பெரிது. கேட்பது ஒன்றுதான்: பேழைக்கு அருகில், பெயில் கதைக்கு என்ன எழுத்தளவோ அதே எழுத்தளவில் அந்த மருமகளின் வாக்குமூலத்தையும் வையுங்கள். கிறிஸ்துமஸ், டிசம்பர் 30, பிப்ரவரி 1 என்ற மூன்று தேதிகளையும் அதன் கீழே போடுங்கள். பார்க்க வருகிறவர்கள் கணக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
சேப்பாக்கத்து வெயிலில் காய்ந்த ஒரு ரசிகன்