எடை ஏறாத குழந்தையும் என்சைம் கேப்சூலும்

ஆசிரியருக்கு வணக்கம்.

உடலின் சுரப்புகள் கெட்டிப்பட்டு நுரையீரலையும் கணையத்தையும் பாதிக்கும் மரபு நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ள குழந்தைக்கு எடை ஏறவில்லை என்றதும் "சரியாக ஊட்டுவதில்லை" என்று தாயைக் குறை சொல்வது எளிது. பல நேரம் அது தவறும்கூட. குழந்தை சாப்பிடுகிறது, சாப்பிட்டது உடம்பில் ஒட்டவில்லை. இந்நோயாளிகளில் சுமார் 85 விழுக்காட்டினருக்குக் கணைய நீர் கெட்டிப்பட்டுக் குழாய்களை அடைத்துவிடுகிறது. கொழுப்பைச் செரிக்கும் லைபேஸ் என்ற என்சைம் (செரிமான நொதி) குடலுக்கு வந்து சேர்வதில்லை. அதை ஈடுகட்டவே உணவோடு என்சைம் கேப்சூல் கொடுக்கிறோம். மலம் எண்ணெய்ப் பிசுக்கோடும் கடும் நாற்றத்தோடும் அதிகமாகப் போனால், தட்டில் என்ன மிஞ்சியது என்பதைவிட கேப்சூல் எவ்வளவு, எப்படிக் கொடுக்கப்படுகிறது என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

அளவைக் குழந்தையின் எடை பார்த்துக் கணக்கிடுவார்கள். ஒரு வேளை உணவுக்குக் கிலோவுக்கு 500 முதல் 2,500 லைபேஸ் யூனிட் வரை. நாளொன்றுக்குக் கிலோவுக்கு 10,000 யூனிட்டைத் தாண்டக் கூடாது. 12 கிலோ குழந்தைக்குக் கிலோவுக்கு 1,000 என்று வைத்தால் வேளைக்கு 12,000 யூனிட்; நாள் உச்சவரம்பு 1,20,000. மிக அதிக அளவு தொடர்ந்தால் பெருங்குடல் தடித்துச் சுருங்கும் ஆபத்து உண்டு. ஆகவே பெற்றோர் தாமாகக் கூட்டவே கூடாது. ஆனால் குழந்தை வளர்ந்த பிறகும் பழைய சீட்டில் உள்ள அளவே ஓடிக்கொண்டிருந்தால் அது போதாது. ஒவ்வொரு முறை எடை பார்க்கும்போதும் கணக்கைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள்.

கொடுக்கும் முறையில் நேரும் பிழைகள் இன்னும் அதிகம். கேப்சூலுக்குள் இருக்கும் சிறு மணிகளின் மேலுறை அமிலத்தில் கரையாது. குடலுக்குப் போன பிறகே கரைய வேண்டும். பாலிலோ சூடான உணவிலோ கலந்தால் உறை முன்பே கரைந்து, இரைப்பை அமிலம் என்சைமை அழித்துவிடும். மென்றாலும் பொடித்தாலும் இதே கதிதான். விழுங்கத் தெரியாத குழந்தைக்கு மணிகளை மசித்த ஆப்பிள் போன்ற புளிப்பான பழக்கூழில் ஒரு கரண்டி அளவில் கலந்து உடனே கொடுங்கள். பிறகு வாயைத் துடைத்துப் பாருங்கள்; ஈறில் தங்கும் மணிகள் புண்ணாக்கும். உணவு தொடங்கும்போதே கொடுக்க வேண்டும். அரை மணி நேரத்துக்கு மேல் இழுத்தால் பாதி முன்னும் பாதி நடுவிலும். கொழுப்புள்ள சிற்றுண்டிக்கும் பாலுக்கும் என்சைம் வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் மலம் மாறாவிட்டால், சிறுகுடலில் அமிலம் மிகுந்து உறை கரையாமல் இருக்கலாம். அப்போது அமிலத்தைக் குறைக்கும் மருந்தை மருத்துவர் சேர்ப்பார்.

கொழுப்பைக் குறைத்து ஊட்டுங்கள் என்ற பழைய அறிவுரை இன்னும் சில வீடுகளில் உயிரோடு இருப்பது எங்களுக்குக் கவலை தருகிறது. 1988இல் வெளியான ஓர் ஒப்பீட்டில், கொழுப்பைத் தாராளமாகக் கொடுத்த டொரண்டோ மையத்து நோயாளிகளின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் எட்டும் வயது) 30 ஆண்டு. குறைத்துக் கொடுத்த பாஸ்டனில் 21. தேவையான மொத்த ஆற்றலில் 35 முதல் 40 விழுக்காடு கொழுப்பிலிருந்து வரலாம். கூடவே ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் கட்டாயம்.

உப்பையும் மறந்துவிடுகிறோம். இந்நோயில் வியர்வை வழியே உப்பின் சோடியம் போய்க்கொண்டே இருந்தால் கைக்குழந்தை வளராது; மருத்துவர் சொன்ன அளவில் உப்பு சேர்த்தே ஆக வேண்டும்.

பிறகுதான் மற்ற காரணங்கள்: அடங்காத நுரையீரல் தொற்று, மலச்சிக்கல், ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி, கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய். பத்து வயதிலிருந்து ஆண்டுக்கொரு முறை குளுக்கோஸ் சோதனை செய்ய வேண்டும். இந்நோயோடு வரும் சர்க்கரை நோய் பெரும்பாலும் வேறு அறிகுறி இல்லாமல் எடையைத்தான் முதலில் தின்னும்.

இத்தனைக்குப் பிறகும் எடை ஏறாவிட்டால் வயிற்றுக் குழாய் வழியாக இரவில் உணவு கொடுக்கலாம். அதற்கும் என்சைம் உண்டு. "சாப்பிடாவிட்டால் குழாய் வைத்துவிடுவார்கள்" என்று மட்டும் குழந்தையை மிரட்டாதீர்கள். நாளை அது தேவைப்பட்டால், அதைத் தண்டனையாகவே அந்தக் குழந்தை எடுத்துக்கொள்ளும்.

இப்படிக்கு,
குழந்தைகள் ஊட்டச்சத்து ஆலோசகர்கள்