பிளேட்லெட் மெஷின் இருக்கும் இடத்தில் அந்த விளக்கையும் வையுங்கள்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர், செயலர், மருத்துவக் கல்வி இயக்குநர் ஆகியோருக்கு,

வணக்கம். எலும்பு மஜ்ஜை மாற்று செய்துகொண்டு ரத்தப் புற்றிலிருந்து பிழைத்தவர்களில் பலர், அப்புறம் இன்னொரு நோயோடு மல்லுக்கட்டுகிறார்கள். கொடையாளியின் வெள்ளணுக்கள் புது உடம்பை அந்நியமாக நினைத்துத் தாக்கும் நோய் அது. டாக்டர்கள் ஜி.வி.எச்.டி. என்கிறார்கள். அதற்கு ஃபோட்டோஃபெரிசிஸ் என்ற ஒளிச் சிகிச்சை உண்டு. சாதாரணக் குடும்பங்களுக்கு எட்டும்படி அது அரசு மருத்துவமனைகளில் கிடைக்க வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

என் தம்பிக்கு மஜ்ஜை கொடுத்தவள் நான். அவனுடைய புற்று போய்விட்டது. ஆனால் முன்கைத் தோல் பறைக்குக் கட்டியது போல இறுகிவிட்டது, கிள்ளினால் பிடிபடாது. சட்டைப் பொத்தான் போட அம்மாவைக் கூப்பிடுகிறான். வாய் முழுசாகத் திறப்பதில்லை, ரசம் சாதமே எரிகிறது என்கிறான். ஸ்டீராய்டு கொடுத்தார்கள். முகம் ஊதியது, சர்க்கரை ஏறியது. அளவைக் குறைத்தால் தோல் மறுபடி இறுகுகிறது. மொத்த எதிர்ப்புச் சக்தியையும் அமுக்கும் மருந்து என்பதால், வீட்டில் யாராவது இருமினாலே பயமாக இருக்கிறது.

ஃபோட்டோஃபெரிசிஸ் அப்படி எல்லாவற்றையும் அமுக்குவதில்லை. ரத்தத்தை மெஷினில் சுழற்றி, வெள்ளணுக்கள் உள்ள படலத்தை மட்டும் தனியே எடுத்துக்கொண்டு மற்றதை உடம்புக்கே திருப்பிவிடுகிறார்கள். எடுத்ததில் 8-மெத்தாக்ஸிசோராலென் என்ற மருந்தைக் கலந்து, யூ.வி.ஏ. என்ற புற ஊதா ஒளியில் காட்டி, அதையும் திரும்ப ஏற்றுகிறார்கள். ஒளி பட்டதும் மருந்து அணுக்களின் டி.என்.ஏ.வைப் பிணைத்துவிடுகிறது, அவை சில நாட்களில் மடிகின்றன. ஒரு தடவையில் ஒளி படுவது உடம்பிலுள்ள வெள்ளணுக்களில் சிறு பங்குதான். ஆனாலும் மடியும் அந்த அணுக்களை விழுங்கும் மற்ற அணுக்கள் தாக்குதலைத் தணிக்கும் பக்கம் திரும்புகின்றன என்பதே இன்றைய விளக்கம்.

சோராலெனும் ஒளியும் நமக்குப் புதிதில்லை. சித்த வைத்தியத்தில் வெண்புள்ளிக்குக் கொடுக்கும் கார்போகரிசியில் இருப்பது சோராலென்தான். அதே குடும்பத்து மருந்தைக் கொடுத்து உடம்பில் ஒளி காட்டும் பூவா சிகிச்சையைத் தோல் டாக்டர்கள் பல பத்தாண்டுகளாகச் செய்கிறார்கள். இங்கே ஒளி, உடம்புக்கு வெளியே எடுத்த அணுக்களின் மேல் படுகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

யேல் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் எடெல்சன் குழு, தோலைப் பாதிக்கும் டி-செல் லிம்போமா என்ற வெள்ளணுப் புற்றுக்கு இதைச் செய்து பார்த்து 1987-ல் முடிவை வெளியிட்டது. 37 பேரில் 27 பேருக்குப் பலன் தெரிந்தது. அடுத்த ஆண்டே அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மற்ற மருந்துகளுக்கு அடங்காத நாள்பட்ட ஜி.வி.எச்.டி.க்கும், மாற்று இதயத்தை உடம்பு ஒதுக்குவதற்கும் 2006-லிருந்து அங்கே மெடிகேர் என்ற அரசுக் காப்பீடு பணம் தருகிறது. இதய, நுரையீரல் மாற்றுகள் இவ்வளவு நடக்கும் நம் மாநிலத்தில் இது என் தம்பி போன்றவர்களின் தேவை மட்டுமல்ல.

எல்லோருக்கும் பலன் தரும் என்று நான் சொல்ல வரவில்லை. தெரிய மாதங்கள் ஆகும், நல்ல நரம்பு கிடைக்க வேண்டும், எடை குறைந்த குழந்தைகளுக்கு முறையை மாற்றிச் செய்ய வேண்டும். ஆனால் ஸ்டீராய்டைக் குறைக்க ஒரு வழி இருக்கும்போது அது பணம் உள்ளவருக்கு மட்டும் திறந்திருப்பது நியாயமே இல்லை.

ஒரே மெஷினில் எல்லாம் முடியும் முறைக்கு ஒவ்வொரு தடவையும் விலை கூடிய கிட் வேண்டும். இன்னொரு முறையும் உண்டு: ரத்தத்தின் கூறுகளைப் பிரிக்கும் அஃபெரிசிஸ் மெஷினில் வெள்ளணுக்களைத் தனியே எடுத்து, தனி யூ.வி.ஏ. கருவியில் ஒளி காட்டி ஏற்றுவது. ஐரோப்பாவில் பல இடங்களில் செய்கிறார்கள், செலவு குறைவு. டெங்கு காலத்தில் பிளேட்லெட் பிரிக்கிறோமே, அந்த வகை மெஷின்தான். வெள்ளணு பிரிப்பதற்கான கிட், ஒளிக் கருவி, மருந்து, கிருமி புகாமல் கலக்கப் பயிற்சி பெற்ற ஆட்கள், இவை சேர்ந்தால் பெரிய ரத்த வங்கிகளிலேயே தொடங்கலாம். முதலில் சென்னையிலும் மதுரையிலும் தொடங்குங்கள்.

காப்பீட்டுத் திட்டத்தில் இதற்கான தொகையை ஒரு தடவைக்கு என்று வைத்தால் உதவாது. பொதுவாக அடுத்தடுத்த இரண்டு நாள், வாரம் ஒருமுறையோ இரு வாரத்துக்கு ஒருமுறையோ, மாதக்கணக்கில் செய்ய வேண்டியது இது. முழுச் சுற்றுக்கும் தொகை வேண்டும். சிகிச்சை முடிந்து 24 மணி நேரம் வெயில் படக்கூடாது, கண்ணுக்கும் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். கோவில்பட்டிக்கோ தேனிக்கோ பகல் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போக முடியாது. ஆகவே நோயாளியும் கூட வந்தவரும் தங்க இடமும் சேர்த்தே திட்டமிடுங்கள்.

இந்தச் சிகிச்சை இப்போது மாநிலத்தில் எங்கெல்லாம் கிடைக்கிறது, ஒரு தடவைக்கு எவ்வளவு ஆகிறது என்ற பட்டியலைத் துறையின் இணையதளத்தில் போடுங்கள். அதற்குப் புது நிதி எதுவும் தேவையில்லை. இந்த மாதமே செய்யலாம்.

இப்படிக்கு,
மஜ்ஜை கொடுத்த ஓர் அக்கா