பிறமொழி நண்பர்கள் ஐக்கியம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, போதகர் ஐயா அவர்களே, அன்பான சகோதர சகோதரிகளே, உங்கள் அனைவருக்கும் ஆண்டவரின் நாமத்தில் ஸ்தோத்திரம்.

வழக்கமான விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நிர்வாகக் குழு மாதந்தோறும் கூடியது. வீட்டுச் சந்திப்பும் மருத்துவமனைச் சந்திப்பும் தடையில்லாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். நான் கொஞ்சம் நேரம் எடுத்துப் பேச விரும்புவது நம் ஞாயிறு மாலை மொழி வகுப்பைப் பற்றி.

வேலை தேடி நம் நடுவில் வந்து தங்கியிருப்பவர்களுக்கு நம் மொழியைக் கற்றுக்கொடுக்கலாம் என்று சென்ற ஆண்டுக் கூட்டத்தில் தீர்மானம் போட்டோம். கரும்பலகை வைத்தோம், பாடங்களை அச்சடித்தோம். முதல் வாரம் அறை நிறைந்தது. மூன்றாம் மாதம் பாதி நாற்காலிகள் காலி. நாம் இவ்வளவு செய்தும் வரவில்லையே என்று குழுவிலேயே மனக்குறை எழுந்தது. ஒரு சகோதரர் அவர்கள் தங்கியிருக்கும் இடத்துக்கே போய் விசாரித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. வாரமெல்லாம் அரைகுறையாகப் புரியும் மொழியில் அதட்டல் கேட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமையும் தப்புத் தப்பாகப் பேசித் திருத்தம் வாங்க அவர்களுக்குத் தெம்பில்லை.

சரி, வகுப்பைத் திருப்பிப் போட்டோம். அவர்கள் ஆசிரியர்கள், நாம் மாணவர்கள். இந்த வழியில் நமக்கு முன்னே நடந்தவர் இருக்கிறார். 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மானிய மிஷனெரி சீகன்பால்கு, பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித்தான் தமிழ் படித்தார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-இல் முழுதாக அச்சேறியது. பழைய ஏற்பாட்டில் ரூத் புத்தகம் வரை முடித்திருந்தார். 1719-இல், 36 வயதில், இறந்துபோனார். மாமியாரின் ஜனத்தைத் தன் ஜனமாக்கிக்கொண்ட மோவாபியப் பெண்ணின் கதையோடு அவருடைய வேலை நின்றிருக்கிறது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும்.

நம் வகுப்பில் முதல் பாடம் பெயர்கள். ஒரு தம்பியின் பெயரை நம் நாக்குக்கு வசதியாகச் சுருக்கி ஏழெட்டு மாதமாகக் கூப்பிட்டிருக்கிறோம். அன்று அவர் முழுப்பெயரைப் பலகையில் எழுதி, அதன் அர்த்தத்தையும் சைகையில் சொன்னார். நம் மூத்த உறுப்பினரான ஐயா அதை நாலைந்து தடவை சொல்லிப் பார்த்தார். கடைசித் தடவை சரியாக வந்ததும் அந்தத் தம்பி எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த வாரத்திலிருந்து நாற்காலி பற்றவில்லை.

மருத்துவமனைச் சந்திப்பிலிருந்து ஒன்றைச் சொல்ல வேண்டும். மறுநாள் அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருந்த ஒரு பெண்ணை நம் அக்கா ஒருவர் பார்க்கப் போயிருந்தார். இருவருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை கிடையாது. அந்தப் பெண்ணின் தலையணையருகே வேதாகமம் இருந்தது, எழுத்து வேறு. அக்கா தம் வேதாகமத்தில் சங்கீதப் புத்தகத்தைத் திறந்து காட்டி, முதலில் இரண்டு விரல், அப்புறம் மூன்று விரல் நீட்டினார். அந்தப் பெண் தம் புத்தகத்தில் 23-ஆம் சங்கீதத்தை எடுத்தார். ஒரு வசனம் இவர், ஒரு வசனம் அவர். மரண இருளின் பள்ளத்தாக்கு வசனத்தில் அந்தப் பெண்ணின் குரல் நின்றுபோனது. அக்கா அதே வசனத்தை நம் மொழியில் வாசித்து முடித்தார். இருவரும் ஒன்றாகச் சொன்ன வார்த்தை 'ஆமென்' மட்டும். அந்த எபிரெயச் சொல் எத்தனையோ மொழிகளில் அப்படியே இருக்கிறது. சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அந்தச் சகோதரி இன்று இங்கே மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

ஒரு குறையையும் மறைக்காமல் சொல்கிறேன். நம் நண்பர் ஒருவரின் தாயார் தொலைவில் இறந்த செய்தி நமக்கு ஒரு வாரம் கழித்தே தெரிந்தது. போக வழியில்லாமல் அவர் தனியாக அழுதிருக்கிறார். உயிர்த்தெழுதலின் நம்பிக்கையைப் பாடுகிற நாம் அன்று அவர் பக்கத்தில் இல்லை. அதற்காகவே ஒவ்வொரு மொழிக்காரரிலும் ஒருவரைத் தொடர்பாளராக வைக்கக் குழு முடிவு செய்திருக்கிறது.

உதவி பெறுகிறவர் ஆராதனைக்கு வர வேண்டும் என்று நிபந்தனை வைக்கலாமா என்று ஒரு கேள்வி வந்தது. கூடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. கப்பல் உடைந்து மெலித்தா தீவில் கரையேறிய அப்போஸ்தலர் பவுலுக்கு, அந்த மழையிலும் குளிரிலும் நெருப்பு மூட்டிக் கொடுத்த தீவார் அவரிடம் எந்த நிபந்தனையும் கேட்கவில்லை. அவர்கள் சுவிசேஷம் கேட்டிராதவர்கள்.

வரும் ஆண்டில் பெந்தெகொஸ்தே ஞாயிறன்று அவரவர் மொழியிலேயே வேதம் வாசிக்கலாம் என்று கேட்டிருக்கிறோம். அப்போஸ்தலர் நடபடிகள் 2-ஆம் அதிகாரத்தில், பெந்தெகொஸ்தே நாளில், எருசலேமில் கூடியவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் சொந்த மொழியில்தானே கேட்டார்கள். போதகர் ஐயா சம்மதித்துவிட்டார்.

ஞாயிறு வகுப்பில் மாணவராகச் சேர விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள். இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்