கூத்து வாத்தியாரைப் பகல் அமர்வுக்குக் கூப்பிடுங்கள்

கடலூரிலும் புதுச்சேரியிலும் பன்னாட்டுப் பண்பாட்டு ஆய்வு மாநாடு நடத்தத் திட்டமிடும் பேராசிரியர்களுக்கும் ஒருங்கிணைப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

நான் கடலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுப்பவன். நம் வட்டாரத்துக் கருத்தரங்குகளில் கட்டுரை வாசித்திருக்கிறேன். வரவேற்புக் குழுவில் நின்று பையும் அடையாள அட்டையும் கொடுத்திருக்கிறேன். வெளிநாட்டுப் பேராசிரியரை அழைத்துவர நடுராத்திரியில் மீனம்பாக்கம் போயிருக்கிறேன். மாநாட்டு விசாவுக்கான கடிதங்கள், மார்ச் 31க்குள் செலவுக் கணக்கை முடிக்க வேண்டிய நெருக்கடி, கடைசி நேரத்தில் வர முடியாது என்று சொல்லும் சிறப்பு விருந்தினர் என்று உங்கள் பாடு எனக்குத் தெரியும். அதனால்தான் உங்களிடம் உரிமையோடு ஒன்று கேட்க வருகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கில் தெருக்கூத்து பற்றிக் கட்டுரை வாசித்தேன். காலை அமர்வு, ஏழு நிமிடம், ஆங்கிலத்தில். அன்று மாலைக் கலை நிகழ்ச்சிக்கு நான் எழுதியிருந்த அதே ஜமாவைத்தான், அதாவது கூத்துக் குழுவைத்தான், அழைத்திருந்தார்கள். பேருந்து அப்புறம் வேறு வேலைக்குப் போக வேண்டும் என்று அவர்களைக் காலையிலேயே கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். நான் உள்ளே அந்த ஜமாவின் தலைவரான வாத்தியாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், வாத்தியார் வண்டி நிறுத்துமிடத்துக்குப் பக்கத்து வேப்பமரத்தடியில் கிரீடப் பெட்டிமேல் கையை ஊன்றி உட்கார்ந்திருந்தார். அரங்கத்துக்கும் அந்த மரத்துக்கும் நூறு அடி இருக்கும்.

நாலு மணிக்கு அரிதாரம் பூச ஆரம்பித்தார்கள். புஜக்கட்டை, மார்புப் பதக்கம், கிரீடம் என்று ஒவ்வொன்றாகக் கட்டி முடிக்க ஏழு ஆகிவிட்டது. நிறைவு விழாப் பேச்சுகள் நீண்டுகொண்டே போயின. கர்ணன் வீழும் கதையான கர்ண மோட்சத்தில் ஒரு பகுதி, நாற்பது நிமிடம் என்று சொல்லியிருந்தது. பதினைந்து நிமிடத்தில் முடித்துக்கொள்ளச் சொன்னார்கள். விடிய விடிய ஆடுகிற கூத்து அது. கர்ணன் திரைக்குப் பின்னால் நின்று பாடி, கொஞ்சம் கொஞ்சமாக முகம் காட்டி, வெளியே வருவதற்கே அரைமணி பிடிக்கும். கூத்தின் ஊதுகருவியான முகவீணை ஓங்கி, கர்ணன் திரையைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றபோது முன்வரிசை சாப்பிடப் போயிருந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டே வாத்தியார் என்னிடம் கேட்டார்: "காத்தால நம்ம கூத்தப் பத்தித்தான் பேசினீங்களாமே சார்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் வந்து உக்காந்து கேட்டிருப்பேனே."

குறையாகச் சொல்லவில்லை, ஆசையாகத்தான் கேட்டார். அதுதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது.

திரும்பும்போது அவர்கள் வண்டியிலேயே ஏறிக்கொண்டேன். கட்டுரையில் என்ன எழுதியிருந்தேன் என்று தமிழில் சொன்னேன். கர்ணனுக்கும் அவன் மனைவி பொன்னுருவிக்கும் நடக்கும் தர்க்கம் இப்போதைய ஆட்டங்களில் சுருங்கிவிட்டது, தொலைக்காட்சிக்குப் பழகிய பார்வையாளர்களின் பொறுமையின்மை அதற்குக் காரணம் என்பது என் வாதம். மூன்று ஊர்களில் பார்த்துவிட்டு எழுதியது. வாத்தியார் சிரித்தார். "அது ஊரைப் பொறுத்தது சார். பொம்பளைங்க முன்னாடி வந்து உக்கார்ற ஊர்ல பொன்னுருவிய நிறுத்தவே முடியாது, மூணு மணி ஆனாலும் ஆவும். நீங்க பாத்த மூணு ஊர்லயும் மறுநா காத்தால படுகளம். சீக்கிரம் முடிச்சாவணும்." (படுகளம் என்பது பாரதப் போரின் முடிவை நடத்திக்காட்டும் சடங்கு.)

மூன்று ஆண்டு ஆய்வின் முடிவு ஒரு நிமிடத்தில் திருத்தப்பட்டது. ஆனால் கட்டுரைத் தொகுப்பு கருத்தரங்குக்கு முன்பே ஐஎஸ்பிஎன் எண்ணோடு அச்சாகி, காலையிலேயே எல்லோர் பையிலும் போய்ச் சேர்ந்திருந்தது. அந்தத் தவறு இன்றும் என் பெயரில் இருக்கிறது. காலை அமர்வில் வாத்தியார் மேடையில் இருந்திருந்தால் அங்கேயே, எல்லோர் முன்னாலும், திருத்தியிருப்பார்.

பண்பாட்டு ஆய்வு என்ற துறை எப்படிப் பிறந்தது என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் 1964இல் ரிச்சர்ட் ஹோகார்ட் பண்பாட்டு ஆய்வு மையம் தொடங்கினார். அதற்கு முன் அவர் பல ஆண்டுகள் முதியோர் கல்வி வகுப்பு எடுத்தவர். இந்தத் துறைக்கு அடித்தளமிட்ட ரேமண்ட் வில்லியம்ஸும் ஈ.பி. தாம்சனும் அப்படித்தான். வேலை முடிந்து வந்து உட்கார்ந்தவர்களோடு பேசிப் பேசியே அவர்களுடைய சிந்தனை உருவானது. நம் பக்கத்தில் பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்திக்கொண்டே நாட்டார் வழக்காற்றுக்கு ஓர் ஆய்வுக் குழுவைக் கட்டியெழுப்பினார் நா. வானமாமலை. இப்படி வளர்ந்த துறையின் மாநாட்டில் கூத்துக்காரருக்கு மாலை ஏழு மணிக்கு மேல்தான் இடம் என்றால் எப்படிச் சரியாகும்?

அதனால் கேட்கிறேன். கூத்து பற்றி அமர்வு இருந்தால், அதில் ஒரு வாத்தியார் உரையாளராக உட்காரட்டும். அழைப்பிதழில் அவர் பெயர் மற்றவர்கள் பெயருக்கு இணையான எழுத்தில் வரட்டும். "கலைக்குழுவினர்" என்று ஒரு வார்த்தையில் அடக்க வேண்டாம். முதன்மை உரையாளருக்கு என்ன மதிப்பூதியமோ அதே தொகையை அவருக்கும் கொடுங்கள். அன்று கவரில் வைத்துக் கொடுத்த பணத்தைப் பன்னிரண்டு பேர் பங்கிட்டதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். வில்லியனூரில் சுடுமண் சிற்பம் செய்பவருக்கும், திருக்கனூரில் காகிதக்கூழ் பொம்மை செய்பவருக்கும் இது பொருந்தும். இரண்டு தொழிலும் புவிசார் குறியீடு பெற்றவை. செய்பவரைக் கூப்பிட்டு, மண் எங்கே எடுக்கிறார், யார் வாங்குகிறார்கள், பிள்ளைகள் ஏன் வேறு வேலைக்குப் போனார்கள் என்று அவர் வாயாலேயே கேட்டால் ஓர் அமர்வு போதாது.

அவர்கள் தமிழில்தான் பேசுவார்கள். வெளிநாட்டார் என்ன செய்வார்கள் என்று கேட்பீர்கள். இது புதுச்சேரி ஐயா. தமிழும் பிரெஞ்சும் ஆங்கிலமும் ஒரே வீட்டில் புழங்கும் ஊர். 1955 முதல் பிரெஞ்சு நிறுவனம் இங்கே இருக்கிறது. தமிழ் படிப்பதற்காகவே கடல் கடந்து வந்து ஆண்டுக்கணக்கில் தங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பிரெஞ்சு ஆளுநர் டியூப்ளேயின் துபாஷாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் எழுதிவைத்த நாட்குறிப்பு இல்லாமல் பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுவையைப் பற்றி யாரும் எழுத முடியாது. மொழிபெயர்ப்பைக் கேட்கக் காதில் மாட்டும் கருவிக்குப் பணம் இல்லையென்றால், விருந்தினர் பக்கத்தில் உட்கார்ந்து மெல்லச் சொல்ல இரண்டு முதுகலை மாணவர்கள் போதும். தமிழில் கட்டுரை வாசிப்பவர்களைக் கடைசி நாள் மதியத்துக்கும் மாடி அறைக்கும் ஒதுக்குவதையும் கைவிடுங்கள்.

ஆய்வு மாணவர்களுக்காகவும் ஒரு வார்த்தை. முனைவர் பட்ட ஆய்வேட்டைக் கொடுக்கும் முன் கருத்தரங்குகளில் இரண்டு கட்டுரை வாசித்திருக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016 விதிகள் சொல்லின. 2022 விதிகளில் அந்தக் கட்டாயம் இல்லை. ஆனாலும் சான்றிதழுக்காகக் கடன் வாங்கிப் பதிவுக் கட்டணம் கட்டும் பிள்ளைகளை நான் தினமும் பார்க்கிறேன். கட்டணத்தைக் குறையுங்கள். ஏழு நிமிடத்தைப் பதினைந்தாக்குங்கள்; கட்டுரைகள் பாதியாகக் குறைந்தாலும் பரவாயில்லை. தொகுப்பை மாநாடு முடிந்து ஆறு மாதம் கழித்து அச்சிடுங்கள். என்னைப் போல் ஒருவர் திருத்திக்கொள்ள அந்த ஆறு மாதம் உதவும்.

காலத்தையும் கொஞ்சம் பாருங்கள். மாசி மகத்தை ஒட்டி வைத்தால் புதுச்சேரி வைத்திக்குப்பத்திலோ கடலூர் தேவனாம்பட்டினத்திலோ சாமிகள் கடலுக்கு வருவதை எல்லோரும் நேரில் பார்க்கலாம். ஸ்ரீமுஷ்ணம் பூவராகசாமி சிதம்பரம் பக்கத்துக் கிள்ளைக்கு வரும்போது அங்குள்ள தர்காவில் முஸ்லிம்கள் வரவேற்பு கொடுப்பார்கள். அதை விளக்கக் கட்டுரை வேண்டாம், ஒரு பேருந்து வைத்து அழைத்துப் போனால் போதும்.

வாத்தியாரிடம் நான் பேசிவிட்டேன். பகலில், வேஷம் இல்லாமல், வேட்டி சட்டையில் வந்து பேசச் சம்மதித்திருக்கிறார். பங்குனி பிறந்தால் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கதையும் கூத்தும் தொடங்கிவிடும், ஆடி வரைக்கும் அவர் கிடைக்கமாட்டார். தை முடிவதற்குள் தேதியைச் சொல்லிவிடுங்கள். அழைத்துவருவதும், அவர் பேசுவதை ஆங்கிலத்தில் சொல்வதும் என் பொறுப்பு.

அன்புடன்,
கடலூரிலிருந்து ஒரு தமிழாசிரியர்