கடல்ல குதிக்கச் சொன்ன ஆசிரியருக்கு

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

போன இதழ் சுற்றுலா பக்கத்துல "பெட்டியை ரூம்ல வீசிட்டு நேரா கடல்ல குதிங்க, முதல் நாள் அதுக்குத்தான்!"னு ஒரு வரி போட்டிருந்தீங்க. எழுதினவருக்கு மட்டும் காலையிலயே ரூமைத் தொறந்து வச்சிருந்தாங்களோ என்னவோ. உங்களுக்குத் தெரியாததா, பெரும்பாலான ரிசார்ட்ல செக்-இன் மத்தியானம் ரெண்டு மூணு மணிக்குத்தான், முந்தின ஆளுங்க காலி பண்றதே பத்து பதினொண்ணுக்கு. ராத்திரி பூரா பயணம் பண்ணிட்டு காலையில போய் இறங்கின நானும் என் தோழியும், வீசறதுக்கு ரூம் இல்லாம, பெட்டிக்குக் காவலா ரிசப்ஷன் சோபாவுல மாத்தி மாத்தி தூங்கி வழிஞ்சோம்.

ரூம் கிடைச்சதும் அடுத்த கூத்து. ட்வின் பெட்னு புக் பண்ணி மெயில்ல கன்ஃபர்மும் வாங்கியாச்சு, கதவைத் தொறந்தா ஒரே பெரிய கட்டில், நடுவுல டவல்ல செஞ்ச ரெண்டு அன்னம் மூக்கோட மூக்கு உரசிக்கிட்டு, சுத்திலும் பூ இதழ். எங்க ரெண்டு பேர் வயசைக் கூட்டினா நூறைத் தாண்டும் சார். ஆனா ரிசார்ட்காரங்களை மட்டும் சொல்லி என்ன பண்றது, உங்க பத்திரிகையிலயும் கடற்கரைன்னாலே தேனிலவுதானே, இத்தனை வருஷத்துல கைகோத்துப் போற ஜோடியோட முதுகு இல்லாம ஒரு கடல் படம் வந்திருக்கா? ஃப்ரெண்டோட போறவங்க, தனியா போறவங்க எல்லாம் சந்தா கட்டலையா? இதைக் கேட்டு முன்னாடி ஒரு கடிதம் போட்டேன், மத்ததையெல்லாம் வெட்டிட்டு "படங்கள் அருமை"ங்கிற ஒரு வரியை மட்டும் பிரசுரிச்சீங்க. உங்க பெருந்தன்மை.

சரி, கடலுக்கு வரேன். என் தோழி உங்க கட்டுரையை வேதவாக்கா எடுத்துக்கிட்டு கத்தரிச்சு கைப்பையில வேற வச்சிருந்தா. ரெண்டு பக்கமும் அலை உடைஞ்சிட்டிருக்கு, நடுவுல ஒரு இடம் மட்டும் அமைதியா, கொஞ்சம் கருப்பா தெரிஞ்சுது, இங்கதான் அலை கம்மின்னு இறங்கிட்டா. இடுப்பளவு தண்ணியில நின்னவ நான் செருப்பைக் கழட்டறதுக்குள்ள கழுத்தளவுக்குப் போயிட்டா. ரிப் கரண்ட்னு பேராம், கரைக்கு வந்த தண்ணி திரும்பக் கடலுக்குள்ள ஓடற பாதை, அங்க அலை சரியா உடையாததாலதான் சாதுவா தெரியுது. சில நேரம் வினாடிக்கு 2 மீட்டருக்கு மேல வேகம் எடுக்குமாம், ஒலிம்பிக் நீச்சல்காரரே வந்தாலும் எதிர்த்து நீந்த முடியாது. இழுத்துச்சுன்னா மல்லுக்கட்டாம மிதக்கணும், கையைத் தூக்கி உதவி கேக்கணும், முடிஞ்சா கரைக்கு இணையா பக்கவாட்டுல நீந்தி அந்த இழுப்பை விட்டு வெளிய வந்துட்டுதான் கரைப் பக்கம் திரும்பணும். இவ்வளவும் அவளை மீட்டுட்டு வந்த லைஃப்கார்ட் பையன் திட்டிக்கிட்டே சொன்னது. பக்கத்துலயே சிவப்புக் கொடி பறந்துக்கிட்டுதான் இருந்துச்சு, இவ அதை ரிசார்ட் அலங்காரம்னு நினைச்சாளாம்! உங்க முழுப் பக்கக் கட்டுரையில கொடின்னு ஒரு வார்த்தை உண்டா?

இதுல "மேகமூட்டமா இருந்தா சன்ஸ்கிரீன் வேண்டாம்"னு இன்னொரு யோசனை வேற. மெல்லிசான மேகத்தைத் தாண்டி புற ஊதாக் கதிர் பெரும்பாலும் வந்துடும், மணலும் கீழேருந்து கொஞ்சம் திருப்பி அடிக்கும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவையும், தண்ணியிலேருந்து ஏறினதும் திரும்பத் தடவணும்னு பாட்டில் பின்னாடியே போட்டிருக்கு, உங்க ஆளு பாட்டிலைத் திருப்பிப் பாக்கல போல. ரூமுக்குக் காத்திருந்தப்ப மணல்ல சும்மா உலாத்தினதுக்கே ராத்திரி தோள் ரெண்டும் எரிஞ்சு, அந்த அன்னக் கட்டில்ல குப்புறப் படுத்துக் கிடந்தேன்.

நான் கேக்கறது ஒண்ணுதான். சிவப்புக் கொடின்னா ஆபத்து, ரெண்டு சிவப்புன்னா தண்ணியில இறங்கவே கூடாது, மேல சிவப்பு கீழ மஞ்சள்னா அந்த மாதிரி ரெண்டு கொடிக்கு நடுவுலதான் குளிக்கணும், ஊதான்னா ஜெல்லிமீன் மாதிரி ஏதோ சுத்துது. இதை அடுத்த கடற்கரைக் கட்டுரை ஓரத்துல ஒரு சின்ன பெட்டிச் செய்தியா போடுங்க. இடம் பத்தலைன்னா அந்த ஜோடி முதுகுல கொஞ்சம் வெட்டிக்கலாம்.

இப்படிக்கு,
இன்னும் சந்தா கட்டிட்டிருக்கிற ஒரு வாசகி