திரைக்குப் பின்னால் இன்னொரு குழு

ஆசிரியருக்கு,

சமூக நாடகக் குழுக்களைப் பற்றி எழுதும்போது நடிகர்களையும் இயக்குநரையும் பாராட்டுகிறோம். சரி, பாராட்ட வேண்டியதுதான். ஆனால் சம்பளம் இல்லாமல் அந்தக் குழுவைத் தாங்கிப் பிடிக்கும் நிர்வாகக் குழு உறுப்பினர்களை யாரும் நினைப்பதில்லை.

பகலெல்லாம் தங்கள் வேலையைப் பார்த்துவிட்டு மாலையில் வந்து உட்காருகிறார்கள். காப்புரிமை உள்ள நாடகம் என்றால் அரங்கேற்ற அனுமதி வாங்க வேண்டும். அரங்கத்துக்கு முன்பணம், காப்பீடு, தீ பாதுகாப்பு என்று வேலை நீள்கிறது. டிக்கெட் விற்பனை மட்டும் பெரும்பாலும் செலவுக்குக் கட்டுபடியாகாது. மீதிக்கு நன்கொடையோ மானியமோ தேட வேண்டும். மானியம் கேட்டால் கணக்கைக் காட்டச் சொல்வார்கள். பெயின்ட் டப்பா வாங்கிய துண்டுச் சீட்டைக்கூடத் தேதிவாரியாக ஒட்டிவைக்கும் பொருளாளரைப் பார்த்திருக்கிறேன். நாடகத்தன்று வாசலில் நின்று டிக்கெட் கிழித்தவரும் அவரேதான்.

பெரிய செட் வேண்டும் என்று இயக்குநர் கேட்க, கையிருப்பைப் பார்த்து முடியாது என்று சொல்ல வேண்டிய சங்கடமும் இவர்களுக்குத்தான். அதேசமயம், யார் நடிப்பது என்பதில் நிர்வாகம் தலையிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஒரே சிலர் ஆண்டுக்கணக்கில் சுமந்தால் களைத்துப்போவார்கள். பதவிக்காலத்துக்கு வரம்பு வையுங்கள். கணக்கு, சட்டம் தெரிந்த ரசிகர்கள் அடுத்த பொதுக்குழுவில் பெயர் கொடுங்கள். அப்புறம், நிகழ்ச்சி நிரலில் நடிகர்கள் பெயருக்குக் கீழே இவர்கள் பெயரையும் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு நாடக ரசிகர்