இரவு தங்கும் கப்பல் மீது மட்டும் ஏன் பழி?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சுற்றுலாக் கப்பல்களைப் பற்றிய தங்கள் தலையங்கத்தைப் படித்தேன். பகலில் வந்து மாலையில் கிளம்பும் கப்பலால் ஊருக்கு வருமானம், இரவு தங்கும் கப்பலால் புகை மட்டுமே, ஆகவே இரவில் தங்க விடக் கூடாது என்று எழுதியிருந்தீர்கள். துறைமுக வேலை தெரிந்தவர்களை இந்த ஒரு வரி எவ்வளவு புண்படுத்தும் என்று யோசித்திருக்க மாட்டீர்கள். தங்களுக்குத் தெரியாத விஷயமில்லை என்பதால்தான் வருத்தம் கூடுகிறது.

கப்பலின் ஜெனரேட்டருக்குப் பகல் இரவு கிடையாது. நான்காயிரம் பேர் பயணிக்கும் கப்பல் கரையில் கட்டிக் கிடந்தாலும் ஏசி, சமையற்கட்டு, சலவை, குளிர்பதன அறை, விளக்கு எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அந்தச் சுமையை 8 மெகாவாட் என்று வைத்துக்கொள்வோம். 12 மணி நேரத்துக்கு 96,000 யூனிட். ஒரு யூனிட்டுக்கு 210 கிராம் எண்ணெய் என்று போட்டால் 20 டன். காலை 6 முதல் மாலை 6 வரை நின்றாலும் அதே 20 டன், மாலை 6 முதல் காலை 6 வரை நின்றாலும் ஏறத்தாழ அதே 20 டன்தான். முதல் 20 டன்னை வருமானம் என்றும் அடுத்த 20 டன்னைப் புகை என்றும் பிரித்தது எந்தக் கணக்கு? மாலையில் அனுப்பிவிட்டால் அன்றிரவுப் புகை நம் மூக்குக்கு எட்டாமல் கடலில் போகும், உண்மைதான். கப்பல் கிளம்பிக் காலியான தளத்துக்கு மறுநாள் காலை இன்னொரு கப்பல் வந்து நிற்கும், அதையும் எழுதியிருக்கலாம்.

புகைக்கு மருந்து கரை மின்சாரம், அதாவது கப்பல் தன் எஞ்சினை அணைத்துவிட்டுக் கரையிலிருந்து கேபிள் வழியே மின்சாரம் வாங்குவது. அலாஸ்காவின் ஜூனோ துறைமுகத்தில் 2001-லேயே சுற்றுலாக் கப்பலுக்குக் கரையிலிருந்து மின்சாரம் கொடுத்துவிட்டார்கள். 6.6 அல்லது 11 கிலோவோல்ட் கேபிள்களைக் கப்பலுக்குள் இழுத்து, செருகி, மண் இணைப்பையும் பாதுகாப்பு ரிலேக்களையும் சரிபார்த்து, கப்பல் ஜெனரேட்டரோடு கரை மின்சாரத்தை ஒத்திசைத்து, சுமையைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, அதன் பிறகுதான் எஞ்சினை நிறுத்த முடியும். கிளம்பும்போது இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும். இணைக்க ஒரு மணி, கழற்ற ஒரு மணி என்று வையுங்கள். பத்து மணி நேரம் நிற்கும் கப்பலுக்கு இதில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். 34 மணி நேரம் நிற்கும் கப்பலில் 32 மணி நேரம் எஞ்சின் அணைந்தே இருக்கும். கோடிக்கணக்கில் செலவழித்துப் போட்ட கேபிளால் அதிகப் பயன் கிடைப்பது நீங்கள் விரட்டச் சொல்லும் இரவுக் கப்பலில்தான். ஒரு பெரிய கப்பலுக்குப் பதில் இரண்டு நாளில் இரண்டு கப்பல் வந்தால் பைலட் (கப்பலைத் துறைமுகத்துக்குள் வழிநடத்துபவர்), இழுவைப் படகு, எஞ்சின் தொடக்கம், குறைந்த சுமையில் ஓடும்போது வரும் கரும்புகை எல்லாமே இரட்டிப்பு.

கரை மின்சாரம் என்றதும் இன்னொரு மனக்குறையும் நினைவுக்கு வருகிறது. கரை மின்சார நிலையத் திறப்பு விழாக்களை ரிப்பன் வெட்டும் படத்தோடு தங்கள் பத்திரிகை போடுகிறது. அதற்குப் பின் எத்தனை கப்பல் செருகின, எத்தனை செருகவில்லை, ஏன் என்று ஒரு வரி வருவதில்லை. பெரும்பாலான சுற்றுலாக் கப்பல்களின் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். நகர மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள நாடுகளில் நடுவில் அதிர்வெண் மாற்றி இருந்தாக வேண்டும். செலவில் பெரும்பங்கு விழுங்குவதும், பழுதானால் கப்பலை எஞ்சினிலேயே நிற்க வைப்பதும் அதுதான். கேபிள் செருகியிருந்தும் புகைபோக்கியில் மெல்லிய புகை வருகிறதே, ஏமாற்றுகிறார்கள் என்று தங்கள் வாசகர் ஒருவர் எழுதியதை விளக்கமில்லாமல் வெளியிட்டீர்கள். எஞ்சின் நின்றால் அதன் வெளியேற்ற வெப்பத்தில் நீராவி எடுக்க முடியாது. வெந்நீருக்கும் சலவைக்கும் தனியாக எண்ணெய் பாய்லர் எரிய வேண்டும். அந்தப் புகை அதிலிருந்து வருவது.

தலையங்கத்தின் கடைசியில் சமரசம் போல ஒன்று சொல்லியிருந்தீர்கள்: கப்பல் இரவு 11 மணி வரை நிற்கட்டும், விடிய விடிய வேண்டாம் என்று. எல்லாவற்றிலும் மோசமானது அதுதான் ஐயா. அடுத்த துறைமுகம் 200 கடல் மைல் தள்ளி இருக்கிறது, காலை 8 மணிக்கு அங்கே இருக்க வேண்டும் என்று கொள்ளுங்கள். மாலை 6 மணிக்குக் கிளம்பினால் கையில் 14 மணி நேரம். 14 நாட் (மணிக்கு 14 கடல் மைல்) வேகத்துக்குச் சற்று மேல் போனால் போதும். 11 மணிக்குக் கிளம்பினால் ஒன்பதே மணி நேரம். 22 நாட் வேகத்துக்கு மேல் விரட்ட வேண்டும். உந்துதலுக்கு வேண்டிய சக்தி ஏறத்தாழ வேகத்தின் கனமாக ஏறும், அதாவது வேகம் இரட்டித்தால் சக்தி எட்டு மடங்கு. பயண நேரம் குறைவதைக் கழித்த பிறகும் அதே தூரத்துக்கு எண்ணெய் கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு. நின்றால் முழு இரவும் நிற்க வேண்டும், பயணத் திட்டத்தில் ஒரு துறைமுகத்தைக் குறைக்க வேண்டும். அப்போதுதான் மிச்சம்.

இரவுக் கப்பலை நிறுத்தி வைத்துக் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. அவற்றில் ஒன்றுகூடத் தலையங்கத்தில் இல்லை. முதலாவது கழிவுநீர். கப்பல் மாசைத் தடுக்கும் சர்வதேச ஒப்பந்தமான மார்போலின் விதிப்படி, நொறுக்கிக் கிருமி நீக்கிய கழிவுநீரைக் கரையிலிருந்து 3 கடல் மைலுக்கு அப்பால் விடலாம். அது செய்யாததை 12 கடல் மைலுக்கு அப்பால், குறைந்தது 4 நாட் வேகத்தில் போய்க்கொண்டே மெதுவாக விடலாம். அங்கீகரிக்கப்பட்ட சுத்திகரிப்பு நிலையம் இல்லாமல் கட்டிக் கிடக்கும் கப்பலோ தொட்டியில் சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆளுக்கு ஒரு நாளைக்கு 200 முதல் 300 லிட்டர் தண்ணீர் செலவாகும். பயணிகளும் சிப்பந்திகளுமாக 5,500 பேர் என்றால் ஆயிரம் டன்னுக்குக் குறையாது. குளியல், சமையல் நீரைத் தேக்கும் தொட்டி எத்தனை மணி நேரத்துக்குத் தாங்கும் என்று தளம் ஒதுக்கும் முன்பே கேட்டு வாங்க வேண்டும். தாங்காது என்றால் கரையில் குழாயும் ஏற்பு வசதியும் வேண்டும். நல்ல தண்ணீரும் அப்படித்தான். அழுக்கு மிதக்கும் துறைமுக நீரிலிருந்து குடிநீர் தயாரிக்க மாட்டார்கள், ஊர்க் குழாயில் கேட்பார்கள். தண்ணீர் தட்டுப்பாடு உள்ள ஊர் அதற்குத் தயாரா?

இரண்டாவது காற்று. 330 மீட்டர் நீளமும் நீர்மட்டத்துக்கு மேல் அடுக்குமாடி உயரமும் உள்ள கப்பலின் பக்கவாட்டுப் பரப்பு 10,000 சதுர மீட்டரைத் தொடும். நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் காற்று நேராக மோதினால் ஏறத்தாழ 245 டன் விசை. காற்று இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. 2025 மே மாதம் சிசிலியின் கட்டானியாவில் காற்றில் கட்டுக்கயிறு அறுந்து, கேங்வே (ஏறி இறங்கும் பாலம்) சரிந்து, பயணி ஒருவர் கடலில் விழுந்தார். அங்கே கப்பல் விடிய விடிய நிற்கவில்லை, பகலில் நடந்தது அது. நேரம் கூடக் கூட ஆபத்தும் கூடும் என்பது சரி. ஆகவே இரவு தங்கும் கப்பலுக்கு பொல்லார்டின் (கரையில் கயிறு கட்டும் தூண்) தாங்குதிறன் சான்று, ஓத ஏற்றஇறக்கத்துக்கு ஏற்பக் கயிற்றைத் தளர்த்தி இறுக்க ஆள், கூப்பிட்டால் வரும் தூரத்தில் இழுவைப் படகு ஆகியவற்றைக் கட்டாயமாக்குங்கள் என்று எழுதியிருந்தால் கைகூப்பியிருப்போம்.

கப்பல் கரைக்கு வராமல் நங்கூரத்தில் நின்று, டெண்டர் எனும் சிறு படகில் ஆளேற்றும் இடங்களில் இரவுத் தங்கல் வேண்டாம் என்பதே என் கருத்தும். இருட்டில், அலையில், அசதியோடு வரும் பயணியைப் படகிலிருந்து ஏற்றுவது விஷப்பரீட்சை. படகோட்டும் சிப்பந்திக்கு 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரம் ஓய்வு என்பது 2006 கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின் விதி. அதில் ஒரு பகுதி தொடர்ந்து 6 மணி நேரமாவது இருக்க வேண்டும். விடிய விடியப் படகு ஓடினால் அதுதான் முதலில் மீறப்படும்.

சிப்பந்திகளைப் பற்றி தங்கள் பத்திரிகையில் எப்போதாவது ஒரு பத்தி வந்திருக்கிறதா? பகல் கப்பலில் அவசரக் கடமைக்கு நிற்பவர்கள் போக மீதிப்பேர் இரண்டு மணி நேரம் கரையில் நடந்துவிட்டு வந்தாலே பெரிது. இரவு தங்கினால்தான் முறை மாற்றி எல்லாருக்கும் மண்ணை மிதிக்கக் கிடைக்கும்.

வெளியூர்கள் எதைத் தடுத்தன என்றாவது பார்த்திருக்கலாம். வெனிஸில் 2021 ஆகஸ்ட் 1 முதல் நகர நடுவிலுள்ள நீர்வழியில் தடுக்கப்பட்டவை 25,000 கிராஸ் டன்னுக்கு (கப்பலின் உட்கொள்ளளவைக் குறிக்கும் அளவு) மேற்பட்ட பெரிய கப்பல்கள். ஜூனோ 2024 முதல் வரம்பு வைத்தது ஒரு நாளைக்கு 5 பெரிய கப்பல் என்று. அமெரிக்காவின் பார் ஹார்பர் மக்கள் 2022-ல் வாக்களித்தது கரையிறங்குவோர் நாளொன்றுக்கு 1,000 பேர் என்று. வெனிஸில் பயம் கப்பலின் அளவுக்கு, மற்ற இரண்டு ஊர்களும் பயந்தது கூட்டத்துக்கு. இரவுத் தங்கலுக்கு அல்ல. 8 மணிக்கு வந்து 6 மணிக்குப் போகும் கப்பலிலிருந்து காலை 9 முதல் 11 மணிக்குள் எல்லாரும் இறங்குகிறார்கள். 50 இருக்கைப் பேருந்தில் 2,000 பேர் போனாலும் ஒரே நேரத்தில் 40 பேருந்து. இரண்டு நாள் நின்றால் அதே கூட்டம் மாலைக்கும் மறுநாளுக்குமாகப் பிரியும். பெர்முடாவில் கப்பல்கள் இரண்டு மூன்று இரவு நிற்பது நெடுநாள் வழக்கம்.

நிறுவனங்கள் இலவசமாக நிற்கத் துடிக்கின்றன என்றும் எழுதியிருந்தீர்கள். தளக் கட்டணம் கப்பலின் அளவுக்கும் நேரத்துக்கும் வசூலாகிறது. பெரும்பாலான துறைமுகங்களில் கப்பலின் சூதாட்டக் கூடமும் வரியில்லாக் கடைகளும் மூடியிருக்க வேண்டும், ஆகவே தங்குவதில் நஷ்டம் அவர்களுக்குத்தான். ஊருக்குக் குறைவது தலைக்கட்டணம், வருகைக்கு ஒருமுறை மட்டும் வாங்குவதால். அதைத் தங்கும் நாளுக்கு என்று மாற்றினால் முடிந்தது.

இரவுக் கப்பலில் ஊருக்கு வியாபாரம் இல்லாமல் போவதற்கு வேறு காரணம் இருக்கிறது. துறைமுக வாசலிலிருந்து ஊருக்குப் போகும் ஷட்டில் பஸ் மாலை 7 மணிக்கே நின்றுவிடுகிறது. வெளியே போனால் திரும்ப வழியில்லை என்று பயணி கப்பலிலேயே சாப்பிட்டுப் படுத்துவிடுகிறார்.

என் வேண்டுகோள் சின்னது. தாங்கள் தினமும் வெளியிடும் கப்பல் வருகைப் பட்டியலில் பெயரும் பயணிகள் எண்ணிக்கையும் மட்டும் இருக்கின்றன. அதோடு வந்த நேரம், கிளம்பும் நேரம், கரை மின்சாரம் செருகப்பட்டதா இல்லையா, கடைசி ஷட்டில் பஸ் எத்தனை மணிக்கு என்று நான்கு கட்டங்கள் சேருங்கள். சென்ற முறை அனுப்பிய கடிதத்தில் எண்களையெல்லாம் வெட்டிவிட்டு வாழ்த்தை மட்டும் வெளியிட்டீர்கள். இம்முறை வாழ்த்தை வெட்டினாலும் பரவாயில்லை, எண்களை விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
துறைமுகக் கப்பல் இயக்கப் பணியில் இருப்பவர்